முதல் மாடியில் பொங்கிய பால்

புதுச் சிமெண்டுத் தளத்தில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு சூடு எழும். அந்தச் சூட்டோடு ஒரு வாசனையும் எழும். முதல் மழையில் மண் கிளப்பும் வாசனையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, இந்த வாசனையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. சுண்ணாம்பும் ஈர இரும்பும் கலந்த மாதிரி, மூக்கின் உள்ளே லேசாகக் கீறுகிற மாதிரி, வாயைத் திறந்தால் நாக்கில் மாவாகப் படிகிற மாதிரி இருக்கும் அது. எனக்குச் சென்னை என்றால் அந்த வாசனைதான். கடலெல்லாம் அதற்கு அப்புறம்.

என் அப்பாவும் அம்மாவும் கச்சிராயபாளையத்தில் அடுத்தவர்களின் கரும்பை வெட்டிப் பிழைத்தவர்கள். கோமுகி அணையில் தண்ணீர் தரை தட்டிய ஒரு வருஷத்தில், எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போல அவர்களும் கட்டட வேலைக்குச் சென்னை போனார்கள். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதமெல்லாம் நான் பெரியம்மா பிள்ளை, மே மாதம் மட்டும் அம்மா பிள்ளை. பெற்றவர்களிடமே விருந்தாளியாகப் போய்வருகிற பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் "எப்போ போறே?" என்று யாரும் கேட்கமாட்டார்கள், "எப்போ வருவே?" என்றுதான் கேட்பார்கள்.

ஊரிலிருந்து வேலைக்குத் திரும்புகிற யாராவது ஒருவரோடு பெரியம்மா என்னை அனுப்பிவைப்பார். டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சென்னை பஸ். உளுந்தூர்பேட்டையில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் ஜன்னலுக்கு ஜன்னல் ஏறி இறங்கும். அதோடு நம் பக்கம் முடிந்தது, அப்புறம் ரோடு மட்டும்தான். பெரியம்மா ஒரு முறைகூடச் சென்னையைப் பார்த்ததில்லை, ஆனால் புத்தி சொல்லாமல் அனுப்பியதுமில்லை. "பட்டணத்துல வூடுங்க நின்னுக்கினு இருக்கும், மனுசங்க ஓடிக்கினு இருப்பாங்க. நீ வூட்டைப் பாத்துக்கினு வா, மனுசங்க மூஞ்சியப் பாக்காதே" என்பார். நான் இரண்டையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்கிற பிள்ளை இல்லை நான்.

எவ்வளவு பார்த்தேன்! ரோட்டைக் கடக்கிறவர்கள் பஸ்ஸுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் கையைக் காட்டினால் பஸ் நிற்கும், ஏறிக்கொள்வோம். அங்கே கையைக் காட்டினாலும் பஸ் நிற்காது, ஆனால் கை காட்டிய தைரியத்தில் ஆள் கடந்துவிடுவான். தண்ணீர் லாரியில் வரும். லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வந்து வரிசையில் நிற்கும், பச்சை, சிவப்பு, ஊதா என்று. குடத்துக்குச் சொந்தக்காரிகள் எங்கேயோ இருப்பார்கள், ஆனால் ஒரு குடத்தை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள், எங்கிருந்தோ கத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். பேச்சும் எனக்குக் கஷ்டமாக இல்லை. நாங்கள் "இன்னா" என்போம், அவர்களும் "இன்னா" என்றார்கள். நாங்கள் "வூடு" என்போம், அவர்களும் "வூடு" என்றார்கள். சென்னை முழுக்க நம்ம ஊர்ப் பேச்சுத்தான் என்று முதல் இரண்டு மே மாதங்கள் நான் பூரித்துப்போயிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர், குடத்தோடு நிற்கிறவர், மீன் கூடைக்காரம்மா, இவர்கள்தான் "இன்னா" என்றார்கள். கேட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் "என்ன" என்றார்கள்.

அப்பா வேலை பார்த்த கட்டடத்தின் தெருவில் காலையில் அரைக்கால் சட்டையோடு ஒரு பெரியவர் வேகவேகமாக நடப்பார். எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவரை "எங்கே போறீங்க" என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுப்போகும், "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். அப்பாவும் அந்த மரியாதையில், "இன்னா சார், தூரமா?" என்று கேட்டார். அவர் திடுக்கிட்டு, "இங்கதான்" என்றார். மறுநாளும் அப்பா கேட்டார், மறுநாளும் அவர் "இங்கதான்" என்றார். ஒரு நாள் நின்று, "ஏம்ப்பா, தினமும் இங்கதான் நடக்கிறேன், தினமும் கேக்கிறியே" என்றார். அப்பாவுக்குப் புரியவே இல்லை. எங்கேயும் போகாமல் ஒருவர் ஏன் இவ்வளவு வேகமாக நடக்க வேண்டும்? அவர் மறைந்ததும் அம்மா, "உனக்கு இன்னா வந்துது, அவரு கொழுப்பு கரையறதுக்கு நடக்கறாரு. நீ நடந்தா எலும்புதான் கரையும்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனோம். நான் ஆடிய ஆட்டத்தில் பாவாடை முழுக்க மணல். அப்பா மட்டும் முழங்கால் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "இவ்ளோ தண்ணி இருந்து இன்னா, ஒரு காணி பாயுமா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய கடல் தரிசனம்.

ஆனால் அந்த ஆள் சென்னையிலும் தண்ணீர்தான் பாய்ச்சினார். மொட்டை மாடியில் தளம் போட்டால் அது இறுகும்வரை ஈரம் காயக் கூடாது. அதற்காகத் தளத்தின் மேலேயே கலவையால் சின்னச் சின்ன வரப்பு வைத்து, பாத்தி கட்டி, தண்ணீரை நிறுத்திவைப்பார்கள். கரும்புக்குப் பாத்தி கட்டிய அதே கையால் அப்பா மாடிக்குப் பாத்தி கட்டினார். விடியற்காலையில் மேலே ஏறிப் பார்த்தால் பாத்தி பாத்தியாக வானம் கிடக்கும். ஊரில் வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் வந்த மனிதர், விளையவே விளையாத ஒன்றுக்கு வேளை தவறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் அப்போது அதைப் பார்த்துச் சிரித்தேன். "யப்பா, எப்போ கதிர் வரும்?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

நான் அஞ்சாம் வகுப்பு முடித்த அந்த மே மாதத்தில் எங்கள் மூவருக்கும் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. முடிந்ததும் அங்கே ஒரு வாட்ச்மேன் தேவைப்படும். மாடிப்படிக்குக் கீழே அதற்கென்று ஒரு சின்ன அறையே கட்டியிருந்தார்கள். அந்த வேலை அப்பாவுக்குக் கிடைத்தால் கட்டடம் கட்டடமாக மாற வேண்டியதில்லை, தகரக் கொட்டகை இல்லை, நான் ஜூன் மாதம் பஸ் ஏற வேண்டியதில்லை. தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. விடுமுறையில் பூட்டிக் கிடந்த அதன் கேட் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துத் தினமும் பார்ப்பேன். உள்ளே ஓர் அறையில் கண்ணாடி போட்ட பீரோ நிறையப் புத்தகங்கள் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் புத்தகங்கள் ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் கட்டுக் கட்டாகக் கயிறு போட்டுக் கிடக்கும். பிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடி பீரோவுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

எங்களுக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவரே முதல் மாடி அம்மாதான். முதல் மாடியில் வீடு வாங்கியிருந்தவர். ஞாயிறுதோறும் கணவரோடு வந்து, சுவரைத் தடவிப்பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடிப்பார்த்து, இங்கே சாமி அலமாரி, இங்கே தையல் மிஷின் என்று காற்றில் கையை வைத்துக் காட்டுவார். கணவர் கீழேயே நின்றுவிடுவார். அந்த அம்மா மட்டும் மேலே ஏறிவந்து எங்களோடு பேசுவார். எனக்கு பிஸ்கட், அம்மாவுக்கு ஒரு முழம் பூ. என் மார்க்கை எல்லாம் கேட்டுவிட்டு, "இவ்ளோ நல்லா படிக்கிற பொண்ணை ஏன் ஊர்ல விட்டுட்டு இருக்கீங்க? வாட்ச்மேன் வேலைக்கு உங்களையே போடச் சொல்றேன். முனை ஸ்கூல்ல எனக்குத் தெரிஞ்ச டீச்சர் இருக்காங்க, ஆறாங்கிளாஸ்ல சேத்துடலாம்" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அன்று அம்மா தலையில் கலவைச் சட்டியை வைத்துக்கொண்டு மூன்று மாடிப்படியையும் பாடிக்கொண்டே ஏறினாள்.

அந்த அம்மாவுக்கு அவசரம். ஆனி பிறந்துவிட்டால் புது வீடு புகமாட்டார்கள். வைகாசிக்குள் கிரகப்பிரவேசம் வைத்தாக வேண்டும். அதனால் முதல் மாடி வேலையை மட்டும் முதலில் முடித்துக் கொடுத்தார்கள். அதே அவசரத்தில், கட்டடத்தின் முன்பக்கம் கார் நிறுத்தக் கல் பதிக்க வேண்டும் என்று நாங்கள் இருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். எங்கே போவது என்று அப்பா கேட்டதற்கு இன்ஜினியர் யோசிக்கவே இல்லை. "முதல் மாடி காலியாத்தானே இருக்கு, அங்க போய் இருந்துக்கோ. விசேஷத்துக்கு முன்னாடி காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்படித்தான் நாங்கள் பளிங்குத் தரையில் குடியேறினோம். ஒரு கோணிப்பை, இரண்டு பாத்திரம், ஒரு பாய். நான் அறை அறையாக ஓடினேன். எல்லா அறையிலும் என் குரல் எனக்கு முன்பே போய் நின்றது. தையல் மிஷின் வரப்போகிற மூலையில் என் பையை வைத்தேன். அப்பா பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பாக்கினார். அரிசியைக் களைந்துகொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பால் வாங்கிக்கினு வா" என்றாள் அப்பாவிடம்.

எதற்கு என்று அப்பா கேட்டார். புது வீட்டில் அரிசி ஏறுவதற்கு முன்னால் அடுப்பில் பால் ஏற வேண்டும், அது தெரியாதா என்றாள் அம்மா. பால் பொங்காத வீட்டில் சோறு பொங்கினால் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நம்ம வூடா இது?" என்றார்.

"நம்ம வூடு இல்ல, அதனாலதான் காய்ச்சச் சொல்றேன். நம்ம வூடுன்னா நமக்கு ஆனா ஆவுது, ஆவாட்டிப் போவுது. இது அந்தம்மா வூடு."

அப்பா ஒரு பால் பாக்கெட்டும் கொஞ்சம் கற்பூரமும் வாங்கிவந்தார். அடுத்து வந்தது கிழக்குப் பிரச்சினை. ஊரில் கல்வராயன் மலைக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே இருப்பது கிழக்கு, யாரும் யோசிப்பதில்லை. சென்னையில் மலையைக் காணோமே! காலையில் வெயில் எந்த ஜன்னலில் விழும் என்று நான்தான் பரபரவென்று ஓடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். அம்மா அடுப்பைத் திருப்பிவைத்தாள், நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள், தலைமுடியில் இருந்த சிமெண்டைத் தட்டிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பால் நுரைத்து ஏறி, விளிம்பில் ஒரு நொடி யோசித்துவிட்டு, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. செங்கல்லில் சுரீரென்று சத்தம், தீய்ந்த பால் வாசனை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தம்மா புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சர்க்கரையை வாரிப் போட்டு, மேல் மாடியில் தரை தேய்த்துக்கொண்டிருந்த ஆட்களுக்கும் கொடுத்துவிட்டு நாங்களும் குடித்தோம். அவ்வளவு தித்திப்பான பாலை நான் அதுவரை குடித்ததில்லை. அதற்குப் பிறகும் குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். கையில் பூவோடு, சிரித்த முகத்தோடு. நாங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாயைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா முந்திக்கொண்டாள். நல்ல சேதி சொல்கிறவளின் அவசரத்தோடு, "பால் கெழக்கால பொங்கி வழிஞ்சுதும்மா. நான் பயந்துக்கினே இருந்தேன், ஆனா நல்லா வழிஞ்சுது. இந்த வூட்ல உங்களுக்கு ஒரு கொறையும் வராது" என்றாள்.

"எந்தப் பால்?" என்றார் அவர்.

அம்மா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் வைத்ததை, கற்பூரம் ஏற்றியதை, கிழக்கைத் தேடியதை. சொல்லச் சொல்ல எதிரில் இருந்த முகம் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தது. அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இன்றைக்குச் சுலபமாக இருக்கும். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடு. மாமியார், நாத்தனார், எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சறப்போ ஓரமா நின்னிருக்கேன். என் வீட்ல முதல் பால் நான் காய்ச்சணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அம்மாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதும் முழுக்கப் புரியவில்லை. "முதல் பால் உங்களுக்காகத்தாம்மா காய்ச்சினேன்" என்றாள். அது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பெண்களும் ஒரே காரியத்தை ஒரே நம்பிக்கையோடு விரும்பியவர்கள். அதனாலேயே ஒருவருக்கு ஒருவர் விளங்காமல் போனார்கள்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கணவர் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவிடம் திரும்பினார். எந்த ஊர் என்று கேட்டார். "கள்ளக்குறிச்சிங்க" என்றார் அப்பா. கள்ளக்குறிச்சியிலேயா என்றார். "கச்சிராயபாளையங்க."

"அதுல எந்தப் பக்கம்?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வகுப்பில் கை தூக்குகிற பழக்கம். முந்திக்கொண்டு, "மலைக்குக் கெழக்கால சார், டேமுக்குப் பக்கத்துல" என்றேன். பூகோளத்தில் நான் கெட்டிக்காரி. அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"அது இல்ல. ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

அப்பா தரையைப் பார்த்தார். நாங்கள் தினமும் துடைத்த தரை. முகம் தெரியும் அதில். "வெளியிலதாங்க" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்த வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. அம்மா ஓடிப்போய் வாளியை எடுத்தாள், மஞ்சள் தண்ணீர் விட்டு வீடு முழுக்கக் கழுவிவிடுகிறேன் என்றாள். "வேணாம்மா, ஆள் வெச்சுக் கழுவிக்கிறோம்" என்றார் கணவர். சுவரைத் தூக்கி நிறுத்துவதற்கு நாங்கள் ஆள். சுமந்து ஏற்றிய செங்கல்லெல்லாம் அம்மாவின் தலையைத் தொட்டுத்தான் போயிற்று, ஊறிய கலவையெல்லாம் அப்பாவின் காலில் மிதிபட்டுத்தான் போயிற்று. கழுவுவதற்கு மட்டும் வேறு ஆள்.

அன்று மாலையே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கள் வீடாயிற்று. வாட்ச்மேன் வேலை பற்றி அப்பா கேட்டபோது இன்ஜினியர் போனைக் காதில் வைத்துக்கொண்டே, வீடு வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்களாம் என்றார். தன் வாயால்தான் எங்களை முதல் மாடிக்குப் போகச் சொன்னார் என்பதை அவரும் சொல்லவில்லை, அப்பாவும் ஞாபகப்படுத்தவில்லை. நான் அன்றும் தெருமுனைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறப்பதற்காக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பீரோவின் மேல் ஒரு பழைய துணியைப் போர்த்தியிருந்தார்கள்.

கிரகப்பிரவேசத்தன்று நாங்கள் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விசேஷம் முடிந்ததும் வேறு கட்டடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதும் ஏற்பாடு. கைப்பிடிச் சுவருக்கு மேலே கண்ணை மட்டும் வைத்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வாசலில் வாழைமரம், மேளம், பட்டுப்புடவைகள், ஒரு பசுவும் கன்றும். பசு வீட்டுக்குள் நுழைந்தால்தான் சுபம். ஆனால் முதல் மாடிக்கு அது எப்படி நுழையும்? மாடிப்படிச் சந்து வழியே எட்டிப் பார்த்தேன், படியில் பாதி ஏறி, திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டது. முன்னால் இழுத்தார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், ஐயர் நேரம் போகிறது என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பட்டு வேட்டிகள் யாரும் முன்வரவில்லை. இன்ஜினியர் மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு ஓடிவந்து அப்பாவை, "கொஞ்சம் வாங்க" என்றார். முதல் முறையாக "வாங்க".

அப்பா போனார். அம்மா தடுத்தாள், "உனக்கு மானம் இல்லையா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "மாடு இன்னா பண்ணுச்சு பாவம், அதுக்குக் கால் நடுங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் பின்னாலேயே இறங்கி, முதல் மாடிக்கு நாலு படி மேலே நின்றுகொண்டேன். அப்பா தோளைப் பசுவின் பின்தொடையில் கொடுத்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். அது பயத்தில் அவர் மேலேயே சாணம் போட்டது. எல்லோரும் சிரித்தார்கள், ரொம்ப நல்லது, லட்சுமி என்று யாரோ சொன்னார்கள். வாசல் வந்தது. பசு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போயிற்று. உள்ளே இருந்து ஒரு கை நீண்டு கதவைப் பாதி சாத்தியது. சாணம் வழிகிற சட்டையோடு அப்பா வெளியே நின்றார், தான் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கம். பிறகு குனிந்து, படியில் கிடந்த சாணத்தைக் கையால் வழித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் மூன்று காகிதக் கப்பில் பால் கொண்டுவந்து வைத்தார். அனுப்பியது அந்த அம்மாவாகத்தான் இருக்கும். நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். அதுதான் என் கோபத்தை இன்றுவரை முழுசாக எரியவிடாமல் கெடுக்கிறது. அப்பா குடிக்கவில்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தூக்கி எறிவாள் என்று நினைத்தேன், எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"சக்கரை கம்மி" என்றாள். "நம்ம பால்லதான் ஜாஸ்தி."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது, நடைப்பயிற்சிப் பெரியவர் எதிரே வந்தார். எங்கள் தலையில் இருந்த பாத்திரங்களைப் பார்த்துவிட்டு நின்றார். அப்பாவிடம் கற்றுக்கொண்டதையே அப்பாவிடம் திருப்பி, "என்னப்பா, தூரமா?" என்றார். "இங்கதாங்க" என்றார் அப்பா.

ஜூன் மாதம் நான் பஸ் ஏறினேன். உளுந்தூர்பேட்டையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றார்கள், வாங்கவில்லை. "எந்தப் பக்கம்" என்ற கேள்விக்கு அர்த்தம் என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "மூஞ்சியப் பாக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா" என்றார். அந்தக் கேள்வியின் அர்த்தத்தை நான் வளர வளரத்தான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு நிற்கவில்லை, அதற்காக யாரும் பாவப்பட வேண்டாம். கயிறு போட்ட கட்டுகளை ஒரு நாள் நானே அவிழ்த்தேன். கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தேன். இப்போது வேலை சென்னையில்தான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு, காபியும் கொடுத்துவிட்டு, "கள்ளக்குறிச்சில எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். இப்போது அது தனி மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, ஷேர் ஆட்டோ பறக்கிறது என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன், அவர்கள் வாயால் அந்த அடுத்த கேள்வியைக் கேட்கட்டும் என்று. சிலர் கேட்கிறார்கள். சிலர் வீடு வேறு யாருக்கோ பேசிவிட்டதாகப் போனில் சொல்கிறார்கள்.

அந்தத் தெரு வழியாக ஒரு முறை போனேன். முனைப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கார் விற்கும் கடை, அதற்கும் கண்ணாடிதான். நடக்கிற பெரியவரைக் காணவில்லை. கட்டடம் அப்படியே இருக்கிறது. நன்றாகத் தண்ணீர் குடித்த தளம், ஒரு விரிசல் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் எலெக்ட்ரிக் பெட்டிகளை மாட்டிப் பூட்டியிருக்கிறார்கள். கேட்டில் நின்ற பையன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். தெருச் சத்தத்தில் புரியாமல் "என்ன?" என்றேன், அப்புறம் யாரையும் இல்லை என்றேன். "என்ன" என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "இன்னா" எப்போது என் வாயிலிருந்து கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. அப்பாவிடமும் ஒன்று கழன்றுவிட்டது. ஊருக்குத் திரும்பிவிட்டார், காலை வேளையில் தெருவில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் போகிற வருகிற யாரையும் "தூரமா?" என்று கேட்பதில்லை.

போன வருஷம் கச்சிராயபாளையத்தில் எங்களுக்கும் ஒரு வீடு எழும்பிற்று. அரசாங்க வீடு, ஓர் அறை, ஓர் அடுப்படி, மேலே தளம். அதற்கு அப்பாவே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். குடிபுகுந்த அன்று போட்டோ எடுக்க ஓவர்சியர் வந்திருந்தார். அம்மா புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றிவைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். வாசலுக்கு வந்து அவரைப் பார்த்து, "பால் காய்ச்சலாமுங்களா?" என்று கேட்டாள். அவர் விழித்தார். "உங்க வீடும்மா, என்னை ஏன் கேக்கிறீங்க?" என்றார்.

அம்மா உள்ளே போய் காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை. இந்த முறை கிழக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை. பால் நுரைத்து, வெள்ளையாகத் திரண்டு, விளிம்புவரை ஏறிவந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். ஏறிய பால் அப்படியே இறங்கிப் படுத்தது.

"போதும்" என்றாள். "எந்தப் பக்கம் வழிஞ்சா யாருக்கு இன்னா ஆவுமோ."